டிரம்முக்குள் தட்டும் சத்தம்

வலங்கைமான் சாலையில், வயலை ஒட்டிய மனையில் நான் வீடு கட்டிக்கொண்டிருந்தபோது, சாயங்காலங்களில் ஒரு சத்தம் கேட்கும். இரும்பை இரும்பால் தட்டும் சத்தம்தான். ஆனால் பட்டறையில் கேட்பதுபோல் கணீரென்று இருக்காது. மூடிய பானைக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாக, தனக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வரும். நடவு முடிந்து வயல்களில் தண்ணீர் நின்ற நேரம். சத்தம் தண்ணீர்மேல் வெகுதூரம் போனது. எதிர்ப்புற டீக்கடைக்காரர், "உங்க மெஷினுக்குத் தினம் சாயங்காலம் இருமல் வந்துருது சார்" என்பார்.

கலவை மெஷினைக் கழுவும் சத்தம் அது.

செங்கல் கட்டு நடக்கும் இடத்தில், கட்டி முடித்த பிறகும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. கரணை, சாந்துச்சட்டி, மண்வெட்டி எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும் கலவை விடிவதற்குள் கல்லாகிவிடும். அந்தக் கரணையை மறுநாள் எடுத்தால் சாந்தின்மேல் வழுக்காது, இழுக்கும். நேர் பார்க்கப் பிடிக்கும் கட்டுநூலில் ஒரு பொட்டு காய்ந்திருந்தாலும் செங்கல் வரி கோணும். மெஷினைக் கழுவாமல் விட்டால் இன்னும் மோசம். டிரம்முக்குள் இருக்கும் தகடுகளில் கலவை நாளுக்கு நாள் படிந்து தடித்துவிடும். அப்புறம் மெஷின் சுற்றும், கலக்காது. காய்ந்த சில்லுகள் உடைந்து புதுக் கலவையில் விழுந்து சுவருக்குள் போகும்.

அதனால் கடைசிச் சாந்து இறங்கியதும் டிரம்மில் கொஞ்சம் ஜல்லியும் தண்ணீரும் போட்டு ஓடவிட்டுக் கொட்டுவார்கள். பாதி அதிலேயே வந்துவிடும். தகட்டு இடுக்குகளில் இருப்பது வராது. ஒரு ஆள் உள்ளே போய், சுத்தியலும் உளியும் வைத்துத் தட்டித்தான் எடுக்க வேண்டும். கழுவிய தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாமல் இருக்க மனையின் மூலையில் குழி வெட்டியிருந்தார்கள். பக்கத்து வயல்காரர் தினமும் ஒருமுறை வந்து குழி நிரம்பிவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

டிரம்முக்குள் போவது ஒரு சித்தாள். ஒல்லியான உடம்பு, நாற்பதுக்குப் பக்கத்தில் வயது. வேலையிடத்தில் எல்லாரும் அக்கா என்று கூப்பிட்டார்கள். கட்டு வேலை செய்த இரண்டு கொத்தனார்களில் இளையவர் அவருடைய சொந்தத் தம்பி. இருவரும் ஒரே டிவிஎஸ் வண்டியில் வருவார்கள், ஒரே தூக்கில் சாப்பிடுவார்கள். தம்பி ஓட்ட, அக்கா கரணையும் மட்டப்பலகையும் இருக்கும் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வருவார்.

அது டீசல் எஞ்சின் வைத்த மெஷின். ஹேண்டிலை மாட்டி வேகமாகச் சுற்றினால்தான் கிளம்பும். கிளம்பியதும் ஹேண்டிலைக் கழற்றிப் பக்கத்தில் போட்டுவிடுவார்கள். அக்கா கழுவப் போகும்போது அந்த ஹேண்டிலை எடுத்துக்கொண்டுதான் உள்ளே போவார். டிரம்முக்குள் முழங்காலுக்கடியில் அதை வைத்துக்கொண்டு தட்டுவார். வெளியே வரும்போது முதலில் ஹேண்டில் வரும், பிறகு அவர் வருவார்.

திருட்டுக்குப் பயந்து செய்கிறார் என்று நினைத்தேன். "அதை யாரும்மா தூக்கிட்டுப் போகப்போறா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யாரும் போகமாட்டாங்க சார். கையில இருந்தா மனசு வேலையில நிக்கும்" என்றார்.

இன்னொன்றையும் கவனித்திருந்தேன். பத்திரிகையில் மாவட்டச் செய்திகளைத் திருத்தும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். ஒரே விஷயம் இரண்டு தடவை நடந்தால் கண் அங்கே போய்விடும். அக்கா டிரம்மை நோக்கி நடக்கத் தொடங்கியதும் தம்பி தன் கரணையை எடுத்துக்கொண்டு மனையின் கடைசிக்குப் போய்விடுவார். அங்கே ஒரு தண்ணீர்ப் பீப்பாய் இருந்தது. மெஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வைக்கோலைத் திரித்து மணலில் தொட்டுக் கரணையைத் தேய்ப்பார். உள்ளே சத்தம் கேட்கிறவரை கை தேய்த்துக்கொண்டிருக்கும். அக்கா மூச்சு வாங்க நிறுத்தினால் அவர் கையும் நின்றுவிடும். மறுபடி தட்டினால் மறுபடி தேய்ப்பார். தேய்ந்து தேய்ந்து அந்தக் கரணை மற்றவர்களுடையதைவிடச் சிறியதாக இருந்தது. விளிம்பு வெயிலில் கண்ணைக் கூசவைக்கும்.

"மாப்ள, இப்படித் தீட்டுறியே, நாளைக்குச் செங்கல்லு கட்டப்போறியா, இல்ல செரைக்கப் போறியா?" என்று மூத்த கொத்தனார் கேட்பார்.

"உங்களுக்குத்தான் மாமா. தாடி ரொம்ப வளந்துருச்சு" என்பார் தம்பி. திரும்பிப் பார்க்காமலே சொல்வார்.

காரணத்தை எனக்குச் சொன்னது இன்னொரு சித்தாள். வயதானவர், வாய் ஓயாதவர். சட்டிகளைக் கவிழ்த்துப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தபடி, ஊர்க் கதை சொல்வதுபோல்தான் சொன்னார்.

"குத்தாலத்துப் பக்கம் ஒரு வேலை சார். இந்தப் புள்ளயோட புருசன், இந்தப் புள்ள, தம்பி, மூணு பேரும் ஒண்ணாத்தான் போனாங்க. டீக்குப் போற நேரத்துல புருசன் போகல. டிரம்மைக் கழுவிட்டு வர்றேன்னு உள்ள பூந்துருக்காரு. இடுப்பு வரைக்கும் உள்ள. டிரம்மு வாயி அந்தாண்ட பாத்து இருந்துச்சு. டீ குடிச்சிட்டு முதல்ல வந்தது தம்பி. அங்கத்த மேஸ்திரி மேல நின்னுகிட்டு, மெஷினப் போடுறான்னு சத்தம் போட்டுருக்காரு. ஹேண்டில் கீழ கெடந்துச்சு. எடுத்துச் சுத்திட்டான்."

சட்டியைத் திருப்பிப் போட்டார்.

"அப்ப அக்கா எங்க இருந்தாங்க?" என்று கேட்டேன்.

"இது டீக்கடையில புருசனுக்குப் பார்சல் வாங்கிட்டு இருந்துச்சு."

வழக்கு பெரிதாகப் போகவில்லை, தவறுதலாக நடந்தது என்று முடித்துவிட்டார்கள் என்றார். அந்த மாதிரிச் செய்திகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. கலவை இயந்திரத்தில் சிக்கித் தொழிலாளி பலி. நான்கு வரி. இறந்தவரின் வயது, ஊர், போலீஸ் விசாரணை. இயந்திரத்தை ஓட்டியவர் இறந்தவரின் மைத்துனர் என்று யாராவது எழுதியனுப்பியிருந்தால் அதை ஐந்தாவது வரியாக வைத்திருப்போம். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் எப்படி ஒரே வண்டியில் வேலைக்குப் போனார்கள் என்பதற்குப் பத்தியில் இடம் இருந்திருக்காது.

அக்காவிடம் நானாக இதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவராக ஒருமுறை, செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "அவன் அதுக்கப்புறம் மெஷின்ல கை வைக்கிறதில்ல சார். வேற வேலைக்குப் போடான்னேன். திருப்பூருக்குப் போறேன்னான். ஒரு வாரத்துல திரும்பி வந்துட்டான். சாப்பாடு எறங்கலையாம். என் கண்ணு முன்னாடி இருக்கட்டும்னு கூட்டிட்டுத் திரியுறேன்."

"கோபம் வராதா?"

"வருமே" என்றார். "வந்தா சாந்து கெட்டியா இருக்குன்னு திட்டுவேன். அவனுக்குத் தெரியும் எதுக்குத் திட்டுறேன்னு."

அதன்பிறகு சாயங்காலம் அந்தச் சத்தத்தை வேறு மாதிரிதான் கேட்க முடிந்தது. தட்டும்போது ஒன்றும் இல்லை. நிற்கும்போதுதான். நின்றதும் நானும் மனையின் கடைசியைப் பார்ப்பேன். அங்கே முதுகு அசையாமல் இருக்கும். தஞ்சாவூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், மத்தியானம் சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நடுவில் நின்றால், படித்துக்கொண்டிருக்கும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்குவேன். குழாய் மறுபடி திறக்கும்வரை எந்த வரியும் மண்டையில் ஏறாது. என் மனைவி, "என்ன, ஏதாவது வேணுமா?" என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பேன்.

சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தபோது டீசல் எஞ்சின் படுத்துவிட்டது. எங்கள் வேலையின் மேஸ்திரி வாடகைக்குக் கரன்ட் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். புகை இல்லை, ஹேண்டில் இல்லை. கொட்டகைத் தூணில் பலகை அடித்து ஒரு பழைய சுவிட்சைப் பொருத்தினார்கள். அதன் கைப்பிடியை மேலே தூக்கினால் மெஷின் ஓடும், கீழே இழுத்தால் நிற்கும். கரன்ட் போனாலும் தூக்கிய கைப்பிடி தூக்கியபடியே நிற்கும்.

முதல் நாள் சாயங்காலம் அக்கா அந்த மெஷினைச் சுற்றிவந்து பார்த்தார். எடுத்துப்போக ஒன்றுமில்லை. சுவிட்சை இழுத்துவிட்டு அதன் எதிரே நின்றார். யார் வேண்டுமானாலும் வந்து தூக்கிவிடலாம். பிறகு மீட்டர் பெட்டிக்குப் போய், அங்கிருந்த ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார்.

மோட்டார் பம்பு, கொட்டகை விளக்கு எல்லாமே அந்த ஃபியூஸில்தான் ஓடின. மேஸ்திரி சலித்துக்கொண்டார். "தண்ணி பிடிக்கணும்மா. நீ மெஷினக் குளிப்பாட்டுற நேரத்துல நாங்க ஊருக்கே போய்க் குளிச்சிட்டு வந்துரலாம்."

"போய்ட்டு வாங்க. நாத்தமாவது போகும்" என்றது டிரம்முக்குள்ளிருந்து குரல்.

அதற்குப் பிறகு பீப்பாய்களை முன்னாலேயே நிரப்பிவைக்கப் பழகிக்கொண்டார்கள்.

ஒருநாள் அக்கா காலையிலிருந்து இல்லை. ரேஷன் கடைக்குக் கைரேகை வைக்கப் போயிருந்தார். சிமென்ட் தின்ற விரலில் ரேகை விழுவதில்லை. போன தடவையே ரேகைக் கருவியில் பதியாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலைக்கு மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, டிரம் நிறையக் கலவையோடு சுற்றிக்கொண்டிருந்தபோது கரன்ட் போனது. எங்கோ கம்பி அறுந்துவிட்டதாகச் சொன்னார்கள். கலவையைக் கையால் வாரிச் சட்டிகளில் எடுத்துக் கட்டினார்கள். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. டிரம்முக்குள் ஒட்டியிருந்தது வெயிலில் இறுகத் தொடங்கியிருந்தது.

"அக்கா வர்ற வரைக்கும் விட்டா கல்லாயிரும்" என்றார் மேஸ்திரி.

"நான் கழுவுறேன். நீங்கள்லாம் டீ குடிச்சிட்டு வாங்க" என்றார் தம்பி.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். வயதான சித்தாள்தான் முதலில் பேசினார். "பாத்துடா. நீ மெஷினத் தொட்டா காவேரி தலைகீழா ஓடப்போவுது."

"கரன்ட்தான் இல்லையே ஆயா."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் யாருக்கும் தெரியவில்லை. கரன்ட் இல்லாதபோது கரன்ட் மெஷின் வெறும் இரும்புதான் என்று எல்லாரும் நினைப்பார்கள். டீக்குப் போய்விட்டார்கள். நான் கொட்டகை நிழலில் நின்று மின்சார அலுவலகத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். அது அடித்து அடித்து ஓய்ந்தது.

தம்பி முதலில் தன் கரணையைக் கழுவித் துடைத்துச் சுவர்மேல் வைத்தார். சட்டையைக் கழற்றி மடித்துச் செங்கல் அடுக்கின்மேல் வைத்தார். அதன்மேல் செல்போன், அதன் பக்கத்தில் வண்டிச் சாவி. செருப்பை ஒன்றின்பக்கம் ஒன்றாக விட்டார். கொட்டகைத் தூணுக்கு வந்து சுவிட்சின் எதிரே நின்றார். கொஞ்ச நேரம் நின்றார். முதுகு என் பார்வையை மறைத்தது. பிறகு சுற்றிப்போய், சுத்தியலை எடுத்துக்கொண்டு டிரம்முக்குள் நுழைந்தார். சத்தம் தொடங்கியது. அக்கா தட்டுவதைவிட வேகமாக, இடைவெளியே இல்லாமல்.

போனில் ஆள் கிடைத்தது. "லைன் சரியாயிருச்சு சார். இந்தா விட்டுருவாங்க" என்றார்.

நான் போனை வைக்கும்போது அக்கா சாலையிலிருந்து மனைக்குள் வந்துகொண்டிருந்தார். இடுப்பில் அரிசிப் பை. வரும்போதே சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். முதலில் மனையின் கடைசியைப் பார்த்தார். பீப்பாய்க்குப் பக்கத்தில் யாரும் இல்லை. பிறகு செங்கல் அடுக்கைப் பார்த்தார். மடித்த சட்டை, போன், சாவி. கீழே செருப்பு. பிறகு தூணைப் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். சுவிட்சின் கைப்பிடி மேலே தூக்கியிருந்தது.

அக்கா பையை இறக்காமல், மீட்டர் பெட்டிவரை நடந்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினார். பிறகுதான் பை இடுப்பிலிருந்து வழுக்கி விழுந்தது. அரிசி ஒரு பக்கமாகக் கொட்டியது. அவர் அப்படியே பெட்டிக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எதிரே டீக்கடையில் டிவி பேச ஆரம்பித்தது. கரன்ட் வந்துவிட்டது.

டிரம்முக்குள் சத்தம் நின்றது.

டிவியின் குரல் தம்பிக்கும் கேட்டிருக்கிறது. உள்ளே எதுவும் அசையவில்லை, வெளியே வரும் அவசரமும் தெரியவில்லை. இருட்டில் கையில் சுத்தியலோடு அவர் காத்துக்கொண்டிருந்தார். எதற்குக் காத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மெல்லத்தான் புரிந்தது. அக்காவுக்கு முன்பே புரிந்திருந்தது. அவர் மடியில் ஃபியூஸ் கட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வயலில் கொக்கு ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது. டீக்கடையில் யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் அக்கா. சாதாரணக் குரல். சாந்து போதுமா என்று கேட்கும் குரல்.

அவர் டிரம்மின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"ஃபியூஸ் என்கிட்ட இருக்கு. அது ஓடாது. நீ தட்டு."

பிறகு ஒரு தட்டு விழுந்தது. இன்னொன்று. தம்பி அவர் பாட்டுக்கு வேலையை முடித்தார். தகடு தகடாக, கீழிருந்து மேலாக. அக்கா எழுந்திருக்கவில்லை. சத்தம் தொடர்ந்தவரை அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எண்ணினாரா, திட்டினாரா, தெரியாது.

தம்பி வெளியே வந்தபோது இமை, மீசை, மார்பு எல்லாம் வெளுத்திருந்தன. அக்கா ஒரு கையால் தண்ணீர் மொண்டு அவர் தலையில் ஊற்றினார். இன்னொரு கை ஃபியூஸ் கட்டையை விடவில்லை.

"கண்ணத் தொற. சிமென்ட் எரியும்."

திறந்தார்.

"சுவிட்சு மேல இருந்துச்சு."

"ம்."

"பாத்துட்டுத்தான் போனியா?"

தம்பி தண்ணீரை வழித்துவிட்டுக்கொண்டார்.

"ஒன்னத்தான் கேக்குறேன்."

"பாத்தேன்க்கா."

அக்கா இன்னொரு குவளை ஊற்றினார். "ஒருத்தருக்கு நான் மூலையில உக்காந்து எந்திரிச்சாச்சு. இன்னொருத்தருக்கு உக்கார எனக்குத் தெம்பு இல்ல. அதை நெனச்சுப் பாத்தியா?"

தம்பி அவரைப் பார்த்தார். "நீ ஒரு வார்த்தை கேக்கலையேக்கா. இத்தன வருசத்துல ஒரு வார்த்தை."

"என்ன கேக்கச் சொல்ற? உள்ள ஆளு இருக்கான்னு ஏன் எட்டிப் பாக்கலன்னா?"

"ஆமா."

"ஏன் பாக்கல?"

"அவரும் டீக்கு வந்துட்டாருன்னு நெனச்சேன். ஒன் கையில அவருக்குன்னு பார்சல் டீ இருந்துச்சு, அவரு வரலன்னு அப்பவே தோணிருக்கணும். பாத்தேன். ஆனா மேஸ்திரி கத்துனதும்..."

அக்கா தலையை ஆட்டினார். சரி என்றோ இல்லை என்றோ எடுத்துக்கொள்ள முடியாத ஆட்டம். முந்தானையால் தம்பியின் முகத்தைத் துடைத்தார். அழுத்தித் துடைத்தார், சட்டியைத் துடைப்பதுபோல.

டீக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். கொட்டிய அரிசியைப் பார்த்து வயதான சித்தாள், "கோழி எதுவும் வளக்குறீங்களா இங்க?" என்றார். பிறகு அவரே குனிந்து அள்ள ஆரம்பித்தார். மேஸ்திரி டிரம்முக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "புதுசு மாதிரி ஆக்கிட்டானே" என்றார். சுவிட்சை இறக்கி ஏற்றிப் பார்த்தார். மெஷின் ஓடவில்லை.

"ஃபியூஸ் குடும்மா."

"இன்னிக்கு இல்ல."

"என்னது?"

"இன்னிக்குக் கையால கலந்துக்கலாம். நானே கலந்து தர்றேன்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். கையாலேயே கலக்கட்டும் என்றேன். அவர் ஏதோ முணுமுணுத்தார், ஆனால் மண்வெட்டியை எடுத்துக்கொடுத்தார். அன்று பொழுது சாயும்வரை அக்கா தகரத்தின்மேல் மணலையும் சிமென்ட்டையும் புரட்டினார். தம்பி கட்டினார். வரி நேராகத்தான் வந்தது. நடுவில் ஒருமுறை, "கெட்டியா இருக்குக்கா" என்றார். "இருந்தா என்ன, கட்டு" என்றார் அக்கா.

கிளம்பும்போது ஃபியூஸ் கட்டையை மேஸ்திரி கையில் கொடுத்தார். மெஷின் இருக்கும் வேலைக்கு இனிமேல் இரண்டு பேரும் வரமாட்டோம் என்றும் சொன்னார். கைக்கலவை வேலை இருந்தால் கூப்பிடுங்கள் என்றார். சின்னச் சின்ன ஒட்டு வேலைதான் அப்படிக் கிடைக்கும் என்று மேஸ்திரி எடுத்துச் சொன்னார். கிடைக்கிறது போதும் என்றார் அக்கா.

செங்கல் அடுக்கின்மேல் சாவி அப்படியே கிடந்தது. தம்பி கையை நீட்டுவதற்குள் அக்கா எடுத்துக்கொண்டார்.

"ஒனக்கு ஓட்டத் தெரியாதுக்கா."

"அவரு சொல்லிக் குடுத்துருக்காரு. பின்னாடி ஏறு."

தம்பி கருவிச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். வண்டி இரண்டு முறை நின்றுபோய் மூன்றாவதில் கிளம்பியது. சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அக்கா சாலையில் ஏறாமல் வாய்க்கால் கரைப் பாதையில் திருப்பினார். இரண்டு காலையும் தரைக்கு அருகே தொங்கவிட்டபடி, நடந்தாலே முந்திவிடக்கூடிய வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனார்.